புனே நகரத்துக் கைம்பெண்கள்

நம் குடும்பங்களுட் பல கோத்ரூடிலும் கர்வே நகரிலும் குடியிருக்கின்றன. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் உள்ளவர்களும் ஏதேனும் ஒரு காரியமாகக் கர்வே சாலையில் நாள்தோறும் போய் வருகிறார்கள். பேருந்து நடத்துநர் கர்வே சிலை என்று கூவும்போது இறங்குகிறோமேயன்றி, அச்சிலையாய் நிற்கும் பெரியவர் யார், அவர் பெயரை இந்நகரம் இவ்வளவு தூரம் நீட்டி எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் யாது என்று நம் இளைஞர்களிடம் கேட்டால், பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்ற அளவிலே விடை கிடைக்கும். அவ்விடை பிழையன்று. ஆயினும் அது பாதி விடை. மறு பாதியைச் சொல்வதற்கு நம் பெரியோர் கூச்சப்பட்டனர். அந்தக் கூச்சத்தைச் சற்றே விலக்கி வைத்து இவ்விதழில் எழுத முற்பட்டிருக்கிறோம்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், அதாவது 1800-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில், புனே நகரத்துப் பிராமணக் குடும்பங்களில் பெண்ணுக்கு எட்டு ஒன்பது வயதில் மணம் முடித்துவிடுவது வழக்கம். கணவன் என்பவன் யார் என்று அறியுமுன்னரே அவள் கைம்பெண் ஆவதும் உண்டு. பருவமெய்தியதும் அவளுடைய தலை மழிக்கப்பட்டது. ஆல்வண் என்று மராத்தியர் கூறும் செம்மங்கல் நிறச் சேலை ஒன்றே அவளுக்கு உடை. நம் பக்கத்தில் நார்மடி என்றோம், பெயர்தான் வேறு. ஒருவேளை உணவு, தரையிற் படுக்கை, மங்கல காரியங்களில் கண்ணிற் படாமை என்று விதிகள் நீண்டன. புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவியார் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் உணவையும் கற்படுக்கையையும் எடுத்துக் கூறி, அதனினும் ஈமத்தீ தமக்கு அரிதன்று என்று முடிவு செய்த பாட்டைப் பயின்றோர்க்கு இவ்விதிகளின் பழமை புதிதன்று.

இவையெல்லாம் இறந்தவன்பாற் கொண்ட துயரத்தின் அடையாளம் என்று சொல்லப்பட்டன. உண்மையில் இவற்றின் நோக்கம் துயரமன்று, காவல். இளம்பெண்ணின் உடலில் ஆசை உண்டு என்பதைச் சாத்திரம் வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையாலேயே கூந்தலை எடுத்தனர், சுவையை எடுத்தனர், நிறத்தை எடுத்தனர். மனைவியை இழந்த ஆடவனுக்கோ, பதின்மூன்றாம் நாள் கழிந்ததும் பெண் பார்க்கத் தொடங்குவதில் யாதொரு தடையும் இருந்ததில்லை. அவனுடைய ஆசை இயற்கை. அவளுடைய ஆசை ஆபத்து. இவ்வளவுதான் கணக்கு.

ஆபத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கும். மழித்த தலையுடன் பிறர் வீட்டில் சமையல் செய்து பிழைத்த பெண்ணுக்குத் தெருவிலிருந்து கேடு வந்தது குறைவு. வீட்டுக்குள்ளிருந்தும் அறிந்தவர்களிடமிருந்துமே வந்தது மிகுதி. காசிபாய் என்னும் இளம் பிராமணக் கைம்பெண்ணின் செய்தி இதற்குச் சான்று. ஜோதிராவ் புலேயின் நண்பர் கோவண்டே என்பாரது இல்லத்தில் அவள் சமையற்காரியாய் இருந்தாள். சாத்திரி ஒருவனுடைய தொடர்பினால் கருவுற்றாள். கருவைக் கலைக்க முயன்றும் இயலாமற் போகவே, குழந்தை பிறந்ததும் அதனைக் கொன்று கிணற்றிலிட்டாள். நியாயஸ்தலத்தில் அவளுக்குக் கிடைத்த தண்டனை, ஆயுள் முழுதும் அந்தமான் தீவில் வாசம். சாத்திரிக்கு ஒரு தீவும் இல்லை.

இந்நிகழ்ச்சி புலேயின் உள்ளத்தை வருத்தியது. 1863-ஆம் ஆண்டில் அவரும் அவர் மனைவியார் சாவித்திரிபாயும் தம் சொந்த வீட்டிலேயே கைம்பெண்கள் மறைவாக வந்து பிள்ளை பெற்றுச் செல்வதற்கு ஓர் இல்லம் திறந்தனர். சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் என்பது அதன் பெயரின் பொருள். பிராமணர் வசிக்கும் தெருக்களின் சுவர்களில் இதற்கான விளம்பரத் தாள்களை ஒட்டினர். தோட்டக்கார வகுப்பிற் பிறந்த ஒருவர், தம்மையும் தம் மனைவியையும் இழித்துரைத்த வகுப்பின் பெண்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார் என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சென்ற சாவித்திரிபாயின் மேல் சேறும் சாணமும் வீசிய நகரம் அது.

அவ்வில்லத்தின் கணக்கைப் புலே 1884-இல் அரசாங்கத்தார்க்கு எழுதிய குறிப்பொன்றில் தருகிறார். அதுவரை முப்பத்தைந்து கைம்பெண்கள் வந்து பிள்ளை பெற்றனர். உயிருடனிருந்த குழந்தைகள் 5. மற்ற 30 குழந்தைகளும், தாய்மார் கருவை மறைக்க உட்கொண்ட நச்சு மருந்துகளால் கருவிலேயே ஊறுபட்டு மாண்டன என்று அவர் எழுதுகிறார். இந்த எண்களுக்கு நாம் விளக்கம் எழுத வேண்டுவதில்லை. அங்கே வந்து பெற்றெடுத்த ஒரு பிராமணக் கைம்பெண்ணின் மகனை, பிள்ளையில்லாத அத்தம்பதியர் 1874-இல் தத்தெடுத்துக் கொண்டனர். அவர்தாம் யஷ்வந்த். மருத்துவம் பயின்று, 1897-இல் புனேயைக் கொள்ளை நோய் சூறையாடியபோது நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். அந்தப் பணியிலேயே சாவித்திரிபாய் நோய் தொற்றி அவ்வாண்டு மார்ச்சு 10-ஆம் நாள் மறைந்தார்.

இதே காலத்தில் சூரத்துப் பக்கத்தில் விஜயலட்சுமி என்ற கைம்பெண் 1881-இல் சிசுக்கொலைக்காகத் தூக்குத் தண்டனை பெற்றாள். மேல் விசாரணையில் அது நாடு கடத்தலாகக் குறைந்து, பின்னும் குறைந்தது. வழக்கைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. புனேயிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகை, இக்காலத்துப் பெண்களின் ஒழுக்கமே கெட்டுவிட்டது என்ற தோரணையில் வசை பாடிற்று. அதற்கு மறுமொழியாக 1882-இல் ஒரு சிறு மராத்தி நூல் புனேயில் அச்சாயிற்று. பெயர் ஸ்திரீ புருஷ துலனா. பெண்ணையும் ஆணையும் ஒப்பிட்டுப் பார்த்தல் என்பது பொருள். எழுதியவர் பேரார் நாட்டுப் புல்டாணாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே. நாவும் சூடு, நகையும் சூடு. பெண்ணிடம் கண்ட குற்றங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அது ஆணிடம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே போகிறார். கைம்பெண்ணைக் கெடுத்தவன் பெரிய மனிதனாய்த் திண்ணையில் வீற்றிருக்க, கெட்டவள் மட்டும் சிறைக்குப் போவது எந்தத் தருமம் என்பதே நூலின் உயிர்க்கேள்வி. புலே ஒருவர்தாம் அந்நூலை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். தாராபாய் அதற்குப் பின் வேறு நூல் வெளியிட்டதாகக் காணோம். இந்நகரத்து நூலகங்களிலே அந்நூலின் மறுபதிப்புகள் உள. மராத்தி வாசிக்கப் பழகிய நம் பெண்கள் தேடிப் படிக்கலாம்.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டா. கன்பூசியசின் வழி நின்ற சீன தேசத்தில் பதினோராம் நூற்றாண்டின் செங் யீ என்ற அறிஞர், கைம்பெண் பசியால் மடிவது சிறு காரியம், கற்பை இழப்பதே பெரிது என்ற கருத்துடையவர். பின்வந்தோர் அதை வேதவாக்காக்கினர். மிங் வமிசத்தின் முதல் அரசன் 1368-இல் ஓர் ஆணை பிறப்பித்தான். முப்பது வயதுக்கு முன் கணவனை இழந்து ஐம்பது வயது கடந்தும் மறுமணம் செய்யாதவளுக்கு ஊர் வாயிலில் மரியாதை. அவள் குடும்பத்தார்க்கு அரசாங்க ஊழியத்திலிருந்து விலக்கு. கற்பு வளைவுகள் எனக் கல்லில் எழுந்தவை பல இன்றும் நிற்கின்றன. ஒருத்தியின் இளமைக்கு ஈடாக அவள் மைத்துனர்களுக்கு வேலைச் சலுகை கிடைத்தது என்றால், அவளைக் காத்து நின்றவர்களின் பக்தி எத்தகையது என்பதை யூகித்துக்கொள்ளலாம். கொரியாவிலே 1485-இல் முற்றுப்பெற்ற சட்டத் தொகுப்பு மறுமணம் செய்தவளைத் தண்டிக்கவில்லை. அவள் வயிற்றுப் பிள்ளைகள் அரசாங்கத் தேர்வு எழுதலாகாது என்று மட்டும் விதித்தது. தாயின் ஆசையைப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கொண்டு கட்டிப் போட்ட சாமர்த்தியம் அது. 1894-இல்தான் அந்நாட்டில் கைம்பெண் மறுமணம் சட்டப்படி அனுமதி பெற்றது.

சொத்தும் இதில் உண்டு. சீனச் சட்டப்படி மறுமணம் செய்தவள் கணவனுடைய பொருளையும் தான் கொண்டுவந்த சீதனத்தையும் இழந்தாள். ஆகவே அங்கே பேராசை பிடித்த உறவினர் சிலர் கைம்பெண்ணை வற்புறுத்தி மறுமணம் செய்து அனுப்பிவிடவும் முயன்றனர் என்பது விசித்திரம். நம் நாட்டில் ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856-இல் வந்த இந்து விதவை மறுமணச் சட்டத்தைப் பெரிதும் போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஆனால் அதன் இரண்டாம் பிரிவும் அதே நிபந்தனையைத்தான் வைத்தது. மறுமணம் செய்தால் முதற் கணவனின் சொத்தில் உரிமை போயிற்று. நம் தமிழ்நாட்டில் பல வகுப்பாரிடமும், மராத்தியரில் பாட் என்ற பெயரால் பல வகுப்பாரிடமும், அறுத்துக்கட்டும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை வாசகர் அறிவர். அவர்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. செல்வம் சிறிது சேர்ந்ததும் மேல் வகுப்பாரைப் பார்த்து அவ்வழக்கத்தைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு. முன்னேற்றம் என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

நிற்க. சட்டம் வந்தும் புனேயில் மணம் நடக்கவில்லை. 1870-இல் சங்கராசாரியார் முன்னிலையில் இந்நகரிலேயே பெரிய வாதம் நடந்தது, சீர்திருத்தக்காரர் தோற்றனர். மகாதேவ கோவிந்த ரானடே சீர்திருத்தக்காரரில் தலையானவர். 1873-இல் அவர் மனைவி இறந்தபோது, இவராவது ஒரு கைம்பெண்ணை மணப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தனர். தந்தையின் சொல்லைத் தட்ட மாட்டாமல் பதினொரு வயதுச் சிறுமியை மணந்தார். அச்சிறுமி ரமாபாய் ரானடே பிற்காலத்தில் புனே சேவா சதனத்தை நடத்தி, கைம்பெண்கள் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் ஆவதற்கு வழி செய்தார் என்பது உண்மை. ஆனால் அன்று ரானடே செய்தது தவறு என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து வந்தவர் மற்றொரு ரமாபாய். பண்டித ரமாபாயின் பெற்றோர் தலயாத்திரையாக நாடெங்கும் அலைந்து, 1874-ஆம் ஆண்டின் பஞ்சத்தில் நம் சென்னை மாகாணத்தில் உயிர் துறந்தவர்கள். வங்காளத்தில் மணந்து, 1882-இல் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் புனேக்கு வந்தார். அவருடைய சாரதா சதனம் 1889-இல் பம்பாயில் தொடங்கி அடுத்த ஆண்டே புனேக்கு மாறிற்று. அவர் கிறிஸ்தவம் தழுவியிருந்ததனால் 1893-இல் எழுந்த புயலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, இங்கே விரிக்கவில்லை. நமக்கு வேண்டியது, அங்கே முதன்முதலிற் சேர்ந்த மாணவிகளுள் ஒருவரான கோதுபாய். எட்டு வயதிற் கைம்பெண் ஆனவர்.

பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த தோண்டோ கேசவ கர்வே 1891-இல் மனைவியை இழந்தார். மறுமணம் என்றால் கைம்பெண்ணைத்தான் என்று உறுதி கொண்டு, 1893 மார்ச்சு 11-ஆம் நாள் கோதுபாயைப் புனேயில் மணந்தார். மணமகள் ஆனந்திபாய் ஆனார். கர்வேயின் சொந்த ஊரான கொங்கணத்து முருடில் ஊரார் கூடிக் குடும்பத்தையே விலக்கி வைக்கத் தீர்மானித்தனர். பெற்ற தாய்கூட மகனைத் தன் வீட்டில் ஏற்க இயலாத நிலை.

இங்கேதான் கர்வே செய்த ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மறுமணச் சங்கம் நடத்தி ஆண்டுக்கு இரண்டு மூன்று திருமணம் செய்து வைப்பதால் ஆயிரக்கணக்கான கைம்பெண்களுக்குப் பயனில்லை என்று கண்டார். 1896-இல் அனாத பாலிகாசிரமம் என்ற கைம்பெண் விடுதியை நிறுவினார். பெற்றோர் நம்பிப் பெண்ணை அனுப்ப வேண்டுமானால், அங்கே மறுமணப் பேச்சே எழலாகாது. ஆகவே தாமே கைம்பெண்ணை மணந்த அவர், மறுமண இயக்கத்திலிருந்து விலகி நின்றார். 1900-இல் விடுதி நகருக்கு வெளியே ஹிங்கணே என்ற சிற்றூருக்குச் சென்றது. நன்கொடையாய்க் கிடைத்த ஆறு ஏக்கர் நிலத்தில் ஒரு குடிசை, அவ்வளவே. சாலையும் இல்லை, விளக்கும் இல்லை. கர்வே பகலிற் கல்லூரியிற் கற்பித்துவிட்டு மாலையில் சேற்றில் நடந்து ஹிங்கணே செல்வார். அந்தச் சேற்று வழிக்கு அருகேதான் இன்று நாம் வீட்டு மனை விலை விசாரிக்கிறோம்.

விடுதிக்காக நன்கொடை திரட்ட ஊர் ஊராகச் சென்றவர் ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆதவளே. அவரும் கைம்பெண். மழித்த தலையும் ஆல்வண் சேலையுமாகச் சென்றார். அக்கோலத்தைக் கண்ட வைதிகர்கள் இவள் நம்மவள் என்று நம்பிக் கதவு திறந்தனர், காசும் கொடுத்தனர். தம்மை ஒடுக்கிய கோலத்தையே நுழைவுச் சீட்டாக்கிக்கொண்ட அம்மையாரின் புத்தி கூர்மை பெரிது. பல ஆண்டு கழிந்து மழிப்பதை நிறுத்தினார். அதற்காகவும் வசைச்சொல் கேட்டார். ஆங்கிலம் கற்க அமெரிக்கா சென்று வீட்டு வேலை செய்து பிழைத்துத் திரும்பியவரும் அவரே. ஜப்பானியப் பெண்கள் பல்கலைக்கழகம் பற்றிய சிறு வெளியீடு ஒன்றைப் படித்த ஊக்கத்தால் கர்வே 1916-இல் பெண்கள் பல்கலைக்கழகம் தொடங்கியதும், 1920-இல் தாக்கர்சே குடும்பத்தார் பதினைந்து இலட்சம் ரூபாய் அளித்ததும் பலரும் அறிந்தவை. 1958-இல், நூறு வயதில், பாரத ரத்னம் பெற்றார். 1962-இல் மறைந்தார்.

கர்வே வகுத்த வழியின் விலை என்ன? படிப்புக் கிடைத்தது, பிழைப்புக் கிடைத்தது. ஆசை என்ற சொல் மட்டும் விடுதியின் வாயிலுக்கு வெளியே நின்றது. கைம்பெண் ஆசிரியையாகலாம், செவிலியாகலாம், தேசத்துக்குத் தாயாகலாம். மனைவி ஆக வேண்டுமானால் வேறிடம் பார்க்க வேண்டும். அக்காலத்தில் வேறு வழி இருந்திராது என்பதை ஒப்புகிறோம். ஆனால் சொல்லாமல் விட்டதைச் சொன்னவர் அவர் வீட்டிலேயே தோன்றினார். மூத்த மனைவியின் மகன் ரகுநாத் கர்வே, தாமும் கணிதப் பேராசிரியர், 1921-இல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். 1927 முதல் தாம் மறையும் 1953 வரை சமாஜ் ஸ்வாஸ்த்ய என்ற மாத இதழைத் தனி மனிதராய் நடத்தினார். இன்ப நுகர்ச்சி பெண்ணுக்கும் உரியது, மணமானவள் ஆகாதவள் கைம்பெண் என்ற வேற்றுமை அதில் இல்லை என்று எழுதினார். ஆபாசம் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1934-இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். வழக்குத் தோற்றது, அபராதம் கட்டினார், அடுத்த மாத இதழ் வெளிவந்தது. தந்தைக்குச் சாலை இருக்கிறது, சிலை இருக்கிறது. மகனின் பெயரை இந்நகரத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

நம் தமிழர் வரலாறும் இதனோடு பின்னியதே. ஹிந்து பத்திரிகையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-இல் காங்கிரஸ் மகாசபை கூடிய சமயத்தில் இதே மாகாணத்துப் பம்பாயில், கைம்பெண்ணான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்தார். சென்னை திரும்பியதும் சுற்றத்தார் விலகினர். அ. மாதவையா 1903-இல் வெளியிட்ட முத்துமீனாட்சி என்னும் நாவல் கைம்பெண் மறுமணத்தையே பொருளாகக் கொண்டது. இளமையிற் கைம்பெண் ஆன ஆர். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1911-இல் பட்டம் பெற்று, சென்னைக் கடற்கரையின் பழைய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் கைம்பெண் சிறுமிகளுக்கு விடுதி நடத்தினார். அவரும் கர்வே போலவே பெற்றோரின் நம்பிக்கையை முதலாக வைத்துத் தொழில் நடத்தியவர். மழித்த தலைச் சிறுமிகள் கடற்கரையில் ஓடி விளையாடியதைக் கண்டு திருவல்லிக்கேணி முணுமுணுத்ததாம்.

சட்டங்கள் இன்று வேறு. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு வரும் சொத்தை முழுவுரிமையாக்கிற்று. 1856-ஆம் ஆண்டுச் சட்டம் 1983-இல் நீக்கப்பட்டது. மறுமணம் செய்த மருமகள் போன்றோர்க்கு எஞ்சியிருந்த ஒரு தடை 2005-இல் ஒழிந்தது. ஆயினும் 2022 மே மாதத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்னும் கிராமத்துப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் நிறைவேற்ற நேர்ந்தது: கணவன் இறந்ததும் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியை அறுப்பது ஆகியன இவ்வூரில் இனி வேண்டா என்று. மராட்டிய அரசாங்கம் அதே மாதம் மற்றக் கிராமங்களும் அவ்வாறே செய்யுமாறு சுற்றறிக்கை அனுப்பிற்று. சட்டப் புத்தகத்தில் முடிந்துபோன காரியம், அடுக்களையில் முடியவில்லை என்பது இதனால் தெரிகிறது.

கிராமத்தைச் சொல்வானேன்? சங்கராந்தி மாதத்தில் நம் அண்டை வீட்டு மராத்தியச் சகோதரிகள் ஹல்தி குங்குமத்துக்கு அழைக்கும்போது யாரை அழைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். நவராத்திரிக் கொலுவில் நம் வீடுகளிலும் அதுவே. நாற்பது வயதில் கணவரை இழந்து, கணினி நிறுவனத்தில் நல்ல உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு மறுமணம் பேசலாமா என்றால், பிள்ளை வளர்ந்துவிட்டானே, இனி எதற்கு என்கிறோம். எதற்கு என்பதை அவளிடம் கேட்பதில்லை. அதே வயதுடைய ஆடவன் தனியாய் இருந்தால், பாவம் சமைத்துப் போட ஆள் இல்லை என்று ஜாதகம் வாங்கி வருகிறோம்.

சென்ற நவராத்திரியில் நம் சங்கத்துக் கொலுவின்போது, ஒன்பது நாளும் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஒரு பெரியம்மா தாம்பூலத் தட்டு வந்ததும் வழக்கம்போல் எழுந்து பின்கட்டுக்குப் போனார். புதிதாய் மணமாகி வந்த பெண் ஒருத்தி பின்னாலேயே சென்று, "பெரியம்மா, முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். "எனக்குப் பழக்கம் விட்டுப் போச்சு, கண்ணு. பூவை மட்டும் கொடு" என்று வாங்கிக்கொண்டார். அங்கிருந்த மூத்த பெண்களில் இருவர் முகம் சுளித்தனர்; மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. இதுபற்றி மாதர் பகுதியின் கூட்டத்தில் நெடுநேரம் பேசப்பட்டது. வரும் நவராத்திரி முதல், கொலுவுக்கு வரும் பெண்கள் அனைவருக்கும் வேற்றுமையின்றி ஒரே தட்டிலிருந்து மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு வழங்குவதென்றும், வேண்டுவதை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்வதென்றும் முடிவாகியிருக்கிறது. மாற்றுக் கருத்துடையோர் அடுத்த கூட்டத்துக்கு வந்து பேசலாம்.